ஒலி மிஞ்சியது, படம் போயிற்று: ‘டுநைட் ஷோ’வின் நியூயார்க் ஆண்டுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1962 அக்டோபர் 1 இரவு, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பிளாசா 30ஆம் எண் கட்டடத்தின் 6பி படப்பிடிப்புக் கூடத்தில், மூத்த நகைச்சுவை நடிகர் கிரவுச்சோ மார்க்ஸ் மேடையேறி, ஜானி கார்சன் என்ற 36 வயதுக்காரரை என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்பின் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’வின் நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அன்று அமர்ந்த நாற்காலியில் கார்சன் 1992 மே 22 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் அந்த முதல் இரவின் படம் இன்று எங்கும் இல்லை. தொடக்கப் பகுதியின் ஒலி இருக்கிறது. சில நிழற்படங்கள் இருக்கின்றன. ஜோன் கிராஃபோர்டு, டோனி பென்னட், மெல் புரூக்ஸ், ரூடி வேலி ஆகியோர் விருந்தினராக வந்தனர் என்ற பட்டியலும் இருக்கிறது. நிகழ்ச்சி மட்டும் இல்லை.

அந்த ஓர் இரவு மட்டும் போயிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 1972 மே 1ஆம் நாள் நிகழ்ச்சி கலிஃபோர்னியாவின் பர்பாங்குக்குக் குடிபெயரும் வரை, வாரத்துக்கு ஐந்து இரவு என்ற கணக்கில், ஒன்பதரை ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பாயின. அவற்றுள் முழுமையாக எஞ்சியவை சில பத்துகளே. ‘அன்றைக்கு இவற்றின் அருமை யாருக்கும் தெரியவில்லை’ என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை; என் கருத்தில், இரண்டு பாதிகளில் சிறிய பாதி. அழிப்பு எப்படி நடந்தது, எவை தப்பின, யாரால் தப்பின என்று பார்த்தால் மற்றப் பாதி புலப்படும்.

பழையது தப்பியது, புதியது போயிற்று

பின்னிரவில் விளக்கணைத்துத் தூங்கப்போகும் நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்ற எண்ணம் என்.பி.சி.யில் பாட் வீவர் என்ற நிர்வாகியுடையது. 1950 மே மாதம் அவர் தொடங்கிவைத்த ‘பிராட்வே ஓப்பன் ஹவுஸ்’ அடுத்த ஆண்டு ஆகஸ்டு வரைதான் ஓடியது. ஆயினும் அந்த நேரத்துக்குப் பார்வையாளர் உண்டு என்று அது மெய்ப்பித்தது. பிறகு 1954 செப்டம்பர் 27 அன்று ஸ்டீவ் ஆலன் ஹட்சன் அரங்கிலிருந்து ‘டுநைட்’ நிகழ்ச்சியை நாடு முழுவதற்குமாகத் தொடங்கினார். இரவு 11.15 முதல் 1.00 வரை 105 நிமிடம். இந்த நிகழ்ச்சி முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கப்போகிறது என்று அவர் அன்று வேடிக்கையாகச் சொன்னதை இன்றும் படத்தோடு பார்க்கலாம்.

இங்கே வாசகர் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 1954ஆம் ஆண்டு இரவைப் பார்க்க முடிகிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, மேலான கருவிகளோடு பதிவான 1962ஆம் ஆண்டு இரவைப் பார்க்க முடியவில்லை. விடை பதிவுப் பொருளில் இருக்கிறது. ஆலன் காலத்தில் நேரலை நிகழ்ச்சியைச் சேமிக்கக் கினெஸ்கோப் முறை பயன்பட்டது. தொலைக்காட்சித் திரையின் எதிரே ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்தி, ஓடும் படத்தைப் படச்சுருளில் பிடிப்பதே அம்முறை. நொடிக்கு 30 சட்டகம் காட்டும் திரையை நொடிக்கு 24 சட்டகம் ஓடும் கேமரா பிடிப்பதால், படம் சற்று மங்கலாகவும் தடித்தும் தெரியும். ஆனால் படச்சுருள் ஒருமுறை கழுவப்பட்டுவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. அதை எரிக்கலாம், குப்பையில் எறியலாம். மறுபடி பயன்படுத்த வழியில்லை. ஆகவே அது எங்காவது ஓர் அலமாரியின் மூலையில் கிடந்தது. கிடந்தது என்பதாலேயே தப்பியது.

1956 ஏப்ரலில் சிகாகோவில் ஆம்பெக்ஸ் நிறுவனம் காட்டிய வீடியோ நாடா இயந்திரம் இந்த நிலைமையை மாற்றியது. இரண்டு அங்குல அகலக் காந்த நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓட, அதன் குறுக்கே நான்கு முனைகள் பொருத்திய உருளை சுழன்று பதிந்தது. ஒரு மணி நேரத்துக்கு 4,500 அடி, அதாவது ஏறத்தாழ 1,370 மீட்டர் நாடா. இயந்திரத்தின் விலை 40,000 டாலருக்கும் மேல். ஒரு மணி நேர நாடாச் சுருள் தொடக்க காலத்தில் 300 டாலர் அளவில் விற்றது. படத்தின் தெளிவு நேரலையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு இருந்தது. படத்தின் தரத்தைவிடக் கணக்கர்களுக்குப் பிடித்த குணம் ஒன்றும் அந்த நாடாவுக்கு இருந்தது: அழித்துவிட்டு அதே நாடாவில் மீண்டும் மீண்டும் பதியலாம். பழைய பாட்டுக் கேசட்டின் மேல் புதுப் படத்தின் பாட்டைப் பதிந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கத்தரிக்கோலாக வந்த நாடா

நாடா நினைவைக் காக்க வந்த கருவி என்று இன்று நாம் எண்ணுகிறோம். நிலையங்கள் அதை அவ்வாறு வாங்கவில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் உள்ள மூன்று மணி நேர வேறுபாட்டைச் சமாளிக்கவும், நடுநிசியில் பணியாளர்களை வைத்திருக்காமல் மாலையிலேயே பதிந்து முடிக்கவும்தான் அது முதலில் உதவியது. மூன்றாவது உதவி ஒன்றும் உண்டு. அது ஆலனுக்குப் பின், 1957 ஜூலை முதல் 1962 மார்ச் வரை நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பாருக்கு நேர்ந்ததிலிருந்து தெரியவரும்.

சுவிட்சர்லாந்தில் வீடு பார்க்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணி, அங்கே ‘டபிள்யூ.சி.’ உண்டா என்று கேட்டு ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு எழுதுகிறார். அவர் கேட்டது கழிப்பறை. ஆசிரியர் அந்த இரண்டு எழுத்துகளை வழியோரச் சிற்றாலயம் ஒன்றின் பெயர்ச்சுருக்கம் என்று கொண்டு, அது வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் இருப்பதாகவும், கூட்டம் மிகுதி என்பதால் முன்கூட்டியே வந்து இடம்பிடிப்பது நல்லது என்றும் பதில் எழுதுகிறார். பார் சொன்ன இந்த நகைச்சுவையை, 1960 பிப்ரவரியில், அவருக்குத் தெரியாமலேயே என்.பி.சி. ஒளிபரப்பிலிருந்து வெட்டியது. மறுநாள் 11ஆம் தேதி நிகழ்ச்சியில் பிழைப்புக்கு இதைவிட நல்ல வழி இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அன்றைய மீதி நேரத்தை அறிவிப்பாளர் ஹியூ டவுன்ஸ் தனியாக நடத்தினார். மார்ச் 7 அன்று திரும்பிய பார், இடையில் தடுக்கப்படுவதற்கு முன் நான் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்றால், என்று தொடங்கினார்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பாரின் கோபத்தைக் காட்டவே சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஆலன் காலத்து நேரலையில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க வழியில்லை. நாடா வந்தபின் சொன்ன சொல்லும் ஒளிபரப்புக்கு முன்னரே மறையக்கூடியதாயிற்று. அழிக்கும் கை நாடாவோடு சேர்ந்தே வந்தது என்பதே என் வாதம். நிகழ்ச்சி முடிந்து சில மாதங்கள் கழித்து முழு நாடாவும் அழிக்கப்பட்டபோது, அது அங்கே புதிய பழக்கமாக இருக்கவில்லை.

யாருடைய கணக்கு

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 90 நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்கு, மணிக்கு 300 டாலர் வீதம் 450 டாலர் நாடா. வாரத்துக்கு 2,250 டாலர்; ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். நாடா விலை பின்னர் குறைந்தது என்பதால் இது மேல்வரம்பே. ஒரு பொறியியல் பிரிவின் இருப்புப் பதிவேட்டில் இது பெரிய தொகை. ஆனால் விளம்பரங்களால் என்.பி.சி.க்குத் தொடர்ந்து பெரும் பணம் ஈட்டித் தந்த ஒரு நிகழ்ச்சியின் பக்கத்தில் வைத்தால் பெரிதன்று. ஆக, பணம் இல்லாமையால் அழித்தார்கள் என்பது நிற்காது. நாடாவின் செலவு ஒருவர் ஏட்டிலும், நிகழ்ச்சியின் வருவாய் வேறொருவர் ஏட்டிலும் இருந்தன என்பதே பொருத்தமாகப் படுகிறது. அழிக்கும் பொத்தானை அழுத்தியவருக்கு அந்த நாடாவில் இருப்பது கார்சன் அல்ல. ஒரு மணி நேரம் காலியாகக்கூடிய சுருள்.

‘மறுபடி யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள்’ என்ற வாதத்துக்கும் ஓர் எதிர்ச்சான்று இருக்கிறது. 1965 முதல் 1975 வரை, வார இறுதி இரவுகளில் என்.பி.சி. கார்சனின் பழைய நிகழ்ச்சிகளையே மறுஒளிபரப்புச் செய்துவந்தது. அவற்றை வார நாள்களில் தமக்கு விடுப்புக் கிடைக்கும்படி பயன்படுத்த வேண்டும் என்று 1974ல் கார்சன் கேட்டதால் காலியான சனிக்கிழமை இடத்தை நிரப்பவே, 1975 அக்டோபரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியது. எனவே மறுபடி பார்க்க ஆள் உண்டு என்பது அவர்களுக்கு வாராவாரம் தெரிந்தே இருந்தது. சில மாதங்களுக்குள் பார்ப்பவருக்கு விலை இருந்தது; 20 ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு விலை இல்லை. கூடவே, மறுபயன்பாட்டுக்கு நடிகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் ஒப்பந்தப்படி பணம் தரவேண்டியிருந்ததால், பழைய நாடா சொத்தாகத் தோன்றாமல் தொல்லையாகத் தோன்றியது.

என்.பி.சி. மட்டும் இப்படி நடந்துகொண்டதாக எழுதினால் அது அநியாயம். போட்டி வலையமைப்பான ஏ.பி.சி.யில் லெஸ் கிரேன் நடத்திய பின்னிரவு நிகழ்ச்சியும் பெரும்பகுதி போயிற்று. 1965 பிப்ரவரியில் பாடகர் பாப் டிலன் அதில் வந்து பேசியதும் பாடியதும் இன்று ஒலியாக மட்டுமே கிடைக்கின்றன. கடலுக்கு அப்பால் பி.பி.சி.யும் தன் நாடாக்களை இதே முறையில் துடைத்தது. டுமாண்ட் என்ற, 1956ல் மூடப்பட்ட வலையமைப்பின் பதிவுகள் 1970களில் வண்டிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாக, நடிகை ஈடி ஆடம்ஸ் 1996ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் சாட்சியம் அளித்தார். (ஆடிப் பதினெட்டில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அவ்வளவு வியப்பாக இராது.) ஆடம்ஸின் கணவர் எர்னி கோவாக்ஸ் 1956–57ல் சில மாதங்கள் வாரத்தில் இரண்டு இரவு ‘டுநைட்’டை நடத்தியவர். கணவர் இறந்தபின் அவருடைய நிகழ்ச்சிகளின் நாடாக்கள் அழிக்கப்படுவதை அறிந்து, எஞ்சியவற்றைத் தம் பணத்தில் வாங்கிக் காத்தவரும் இவரே.

தப்பியவை எப்படித் தப்பின

தப்பியவற்றை முதலில் நிகழ்ச்சியே தனக்காக வைத்துக்கொண்டவை என்று பிரிக்கலாம். 1965 ஏப்ரலில் எட் ஏம்ஸ் என்ற நடிகர் கைக்கோடரி எறியக் கற்றுக்கொடுக்க வந்து, பலகையில் வரைந்திருந்த மாட்டுக்காரனின் உருவத்தில் எறியக்கூடாத இடத்தில் சரியாக எறிந்தார். அரங்கம் அடங்காமல் சிரித்தது. கோடரியைப் பிடுங்கப் போன ஏம்ஸைக் கார்சன் கையைப் பிடித்து நிறுத்தி, சிரிப்பை இன்னும் நீட்டினார். ஆண்டு நிறைவுச் சிறப்பு நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதால் அந்தத் துண்டு பிழைத்தது. இப்படிப் பிழைத்தவற்றால் ஒரு கேடும் உண்டு. 1960களின் கார்சன் என்றால் இடைவிடாத வெடிச்சிரிப்பு என்ற எண்ணம் பிறகு வந்தவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது. 90 நிமிட நிகழ்ச்சியின் கடைசி அரை மணியில், நள்ளிரவு தாண்டி, ஓர் எழுத்தாளரோ மருத்துவரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த பகுதிகளே அந்த வடிவத்தின் தனித்தன்மை. அவை யாருடைய சிறப்புத் தொகுப்பிலும் இடம்பெறும் தகுதி அற்றவை, ஆகவே போயின.

அடுத்தவை வீட்டில் இருந்தவர்கள் பிடித்தவை. 1968 மே 14 அன்று ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் தங்கள் ஆப்பிள் நிறுவனத்தைப் பற்றிப் பேச வந்தனர். அன்று கார்சன் விடுப்பு. அவருக்குப் பதிலாக அமர்ந்தவர் முன்னாள் பேஸ்பால் வீரர் ஜோ கராஜியோலா. பக்கத்தில் மூத்த நடிகை டல்லுலா பாங்க்ஹெட். ரிஷிகேஷத்திலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், தியானத்தில் நம்பிக்கை உண்டு, ஆனால் அதைக் கற்பித்த மகரிஷி மகேஷ் யோகி விஷயத்தில் தவறு செய்துவிட்டோம் என்று லெனன் சொன்னது இந்த நிகழ்ச்சியில்தான். நிலையத்தின் நாடா எஞ்சவில்லை. எஞ்சியிருப்பவை, தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ரசிகர்கள் பிடித்த ஒலியும், வீட்டுத் திரைப்படக் கேமராவால் திரையைப் படமெடுத்த ஒலியற்ற துண்டுகளும். சோனியின் பீட்டாமாக்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1975ல். அதற்கு முன் சாதாரண வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் படமும் ஒலியுமாகப் பிடிக்க வழி இல்லை. எனவே நியூயார்க் ஆண்டுகளின் ஆவணம், பெரும்பாலும், செவிவழி ஆவணமாகவே அமைந்தது. புருவத்தை உயர்த்தியே அரங்கைச் சிரிக்கவைக்கும் ஒருவரை ஒலிநாடாவில் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: சிரிப்பு வருகிறது, எதற்கு என்று தெரியாது.

இழப்புகளில் நான் பெரிதாகக் கருதுவது 1968 பிப்ரவரி 5 முதல் 9 வரையான வாரம். கார்சனின் இடத்தில் அந்த வாரம் முழுவதும் கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலாஃபான்டே அமர்ந்தார். 25 விருந்தினரில் 15 பேர் கறுப்பினத்தவர். லீனா ஹார்ன், சிட்னி பாய்ட்டியே, அரித்தா ஃபிராங்க்ளின், பால் நியூமன் ஆகியோரோடு, செனட்டர் ராபர்ட் கென்னடியும் மார்ட்டின் லூதர் கிங்கும் வந்தனர். தெற்கிலும் வடக்கிலும் வெள்ளையர் வீட்டு வரவேற்பறைகளில், படுக்கைக்குப் போகும் நேரத்தில், இப்படி ஒரு கூட்டம் ஐந்து இரவு தொடர்ந்து தோன்றியது. ஏப்ரல் 4 அன்று கிங் மெம்ஃபிஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூன் 6 அன்று கென்னடி இறந்தார். அந்த வாரத்தில் படமாக நன்கு எஞ்சியவை இவ்விருவரின் உரையாடல்கள். மற்ற பகுதிகளில் மிகப் பெரும்பாலானவை இல்லை. 2020ல் இந்த வாரத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தவர்கள் இந்த வெற்றிடத்தைச் சுற்றியே அதைக் கட்ட வேண்டியிருந்தது. கொல்லப்பட்டவர்களின் பேச்சு மிஞ்சியதும், அருகில் அமர்ந்திருந்த பாடகர்களின் பேச்சு மிஞ்சாததும், எதை வரலாறு என்று கருதினார்கள் என்பதற்கு நேரான சான்று.

பார்த்ததாக நினைப்பது

படம் இல்லாத இடத்தில் நினைவு தன் விருப்பப்படி வளர்கிறது. ஒரு நடிகை மடியில் பூனையோடு வந்து கார்சனிடம் ஏதோ கேட்டதாகவும், அவர் இரட்டைப் பொருள்பட ஒரு பதில் சொன்னதாகவும் ஒரு கதை பல்லாண்டுகளாக உலவுகிறது. தங்கள் கண்ணால் கண்டதாகச் சாதிப்போர் பலர். 1980களின் இறுதியில் நடிகை ஜேன் ஃபோண்டா நிகழ்ச்சியிலேயே இதைக் கேட்க, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று கார்சன் மறுத்தார். மறுத்த பிறகும் கதை ஓயவில்லை. நாடாக்கள் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு அது. பழைய பின்னிரவு நிகழ்ச்சிகள் இன்றையவற்றைவிட நுட்பமானவை, துணிவானவை என்று ஏங்குவோரின் கூற்றையும் இதே எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இருப்பது, கோடரி எறிந்த துண்டும் அதைப் போன்ற சில மணி நேரப் படமும்.

காப்பகம் என்ற எண்ணம்

இதே 1968 ஆகஸ்டில், நாஷ்வில் நகரின் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த பால் சிம்ப்சன், வலையமைப்புகள் தங்கள் மாலைச் செய்திகளைக்கூட இரண்டு வாரத்துக்குமேல் வைத்திருப்பதில்லை என்று அறிந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செய்திகளைப் பதிந்து சேர்க்கும் காப்பகத்தைத் தொடங்கவைத்தார். அந்த வலையமைப்புகளில் ஒன்றான சி.பி.எஸ். 1973ல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. தன் நாடாவைக் காக்காத ஒரு தொழில், பிறர் காப்பதைத் தடுக்க மட்டும் நீதிமன்றம் போயிற்று என்பதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நூலகங்கள் செய்தி நிகழ்ச்சிகளைப் பதிவதற்கு விலக்கு அளித்ததோடு அந்தப் பிணக்கு முடிந்தது. அந்த விலக்கு செய்திக்கு மட்டுமே. பின்னிரவு உரையாடல் அதன் வெளியே நின்றது.

கார்சனின் நிகழ்ச்சியைக் காத்தது சட்டம் அன்று, உரிமை மாற்றம். 1980ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியின் உடைமையைக் கார்சன் தம் நிறுவனத்துக்குப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு நாடா அவர் வீட்டுச் சொத்து. சொத்தை யாரும் துடைப்பதில்லை. பர்பாங்குக்குப் போன பிறகான நாடாக்கள் கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனில், தரைக்கு 650 அடி கீழே, ஈரப்பதமும் வெப்பமும் மாறாத ஓர் உப்புச் சுரங்கத்தில் வைக்கப்பட்டன. 2010ல் அவை கணினிக் கோப்புகளாக்கப்பட்டு, சொல்லைக் கொடுத்துத் தேடும் வசதியோடு திறக்கப்பட்டன. எந்த ஆண்டில் எந்த நடிகர் எந்த ஊரைப் பற்றி என்ன சொன்னார் என்று 1970களிலிருந்து தேடலாம். 1962 முதல் 1972 வரையான ஆண்டுகளில் தேடினால் சில துண்டுகளோடு நின்றுவிடும்.

தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளரின் கொட்டகை, உள்ளூர் இணைப்பு நிலையம் ஒன்றின் நிலத்தடி அறை, வெளிநாட்டிலிருந்த படைவீரர்களுக்காக எடுக்கப்பட்டு விளம்பரம் நீக்கி அனுப்பப்பட்ட கினெஸ்கோப் பிரதி என்று அவ்வப்போது ஏதாவது வெளிவருவதும் உண்டு. பெட்டியின் மேல் ‘கார்சன், 1964’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. உள்ளே இருக்கும் நாடாவின்மேல் பிறகு என்ன பதிந்தார்கள் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டுவதற்கு இரண்டு அங்குல நாடாவின் பழைய இயந்திரம் வேண்டும். அதன் சுழல் முனைகளைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே. அவர்களிலும் பலர் அந்த நிகழ்ச்சிகளை முதல் முறை ஒளிபரப்பானபோது பார்த்த வயதுக்காரர்கள்.